பலாலிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழியே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். இரத்மலானைக்கு 330 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளிக்கோ சுமார் 185 கிலோமீற்றர் மாத்திரமே. யாழ்ப்பாணத்தவருக்குக் கொழும்பைவிடத் திருச்சியே அண்மையில் இருப்பதாகத் தேசப்படம் சொல்கிறது. ஆனால் பயண நேரத்தைத் தேசப்படம் தீர்மானிப்பதில்லை. எமது விடயத்தில் அதனைத் தீர்மானித்தவை அரசியலும் போருமே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது பலாலி விமானத்தளம். 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோன் தனது முதற் சேவையைத் தொடங்கியபோது, அதன் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் தரித்தே மதராஸ் சென்றது. சுதந்திரத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே யாழ்ப்பாணம் விமானப் பாதையில் இடம்பெற்றிருந்தது என்பதை இன்றைய தலைமுறையினர் பலர் அறியார்.

எயார் சிலோன் 1979 இல் மூடப்பட்டது. பின்னர் மூண்ட போரில் பலாலி படைத்தளமாயிற்று. 1990 இல் சுற்றுக் கிராமங்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களது காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. அதன்பின் சென்னை செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவர் தெற்கே சுமார் 400 கிலோமீற்றர் பயணித்துக் கொழும்பை அடைந்து, கட்டுநாயக்காவிலிருந்து 640 கிலோமீற்றருக்கு மேல் மீண்டும் வடக்கே பறக்க வேண்டியிருந்தது. 355 கிலோமீற்றர் ஆயிரத்தைத் தாண்டிற்று.

கொழும்புப் பயணமும் இலகுவாக இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அன்றிரவு செய்தியறையில் பணியிலிருந்தவர்களுள் நானும் ஒருவன். பயணிகளின் உறவினர் ஓயாது தொலைபேசியில் அழைத்தனர். அவர்களுக்குச் சொல்ல எம்மிடம் எதுவும் இருக்கவில்லை. விமானத்தின் சிதைவுகள் இரணைதீவுக் கடலடியில் கண்டறியப்பட்டது 2012 இலேயே.

2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது எஞ்சியவை கப்பலும் விமானமுமே. வானில் செலவான நேரம் ஒரு மணித்தியாலமளவே. பாதுகாப்பு அனுமதிக்கும் ஆசனத்துக்கும் காத்திருந்த நாள்களை எந்த நேர அட்டவணையும் கணக்கிடவில்லை.

2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொவிட் காரணமாக 2020 மார்ச்சில் நின்ற சென்னைச் சேவை, 2022 டிசெம்பரில் மீண்டது. 2025 மார்ச்சில் திருச்சிச் சேவையும் தொடங்கிற்று. சென்னைக்கு இப்போது ஒன்றேகால் மணித்தியாலமளவே ஆகிறது.

இதனை முன்னேற்றம் என்று கொண்டாடுவோர் உளர். இழந்ததை மீளப்பெற்றோம் என்பதே என் கணிப்பு. 1947 இல் இருந்த பாதையே இது. ஓடுபாதையைச் சூழக் காணிகளை இழந்து, அவற்றின் விடுவிப்புக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்த மக்களின் காலத்தையும் சேர்த்தே பலாலியின் பயண நேரத்தை நாம் கணக்கிட வேண்டும்.