பழைய கார்களின் உதிரிபாக மறுஉற்பத்தி

தயாரிப்பு நின்றுபோன கார்களுக்குக் கடைகளில் கிடைக்காத பாகங்களைப் புதிதாகச் செய்துகொடுக்கும் தொழில் இது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய பாகத்தைச் சரிசெய்து விற்பது இதில் சேராது. ஒரு மாடல் நின்ற பிறகும் நிறுவனங்கள் சில காலம் ஸ்பேர் பார்ட்ஸ் தருவதுண்டு. விற்பனை குறைந்ததும், தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் டைகள் பழைய இரும்பு விலைக்குப் போய்விடுகின்றன. டன் கணக்கில் எடையுள்ள அவற்றை வைத்துக் காக்க இடமும் வேண்டும், பணமும் வேண்டும்.

இத்தொழிலில் துணிச்சலான முயற்சி என்று சொல்லத்தக்கது இங்கிலாந்தில் எம்.ஜி.பி. காருக்காக நடந்தது. 1962-இல் அறிமுகமாகி 1980 அக்டோபர் வரை ஆபிங்டன் ஆலையிலிருந்து வெளிவந்த இந்த ஸ்போர்ட்ஸ் கார், 5 லட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியானது. அதற்கு முந்தைய எம்.ஜி.ஏ.வுக்குத் தனி சேசிஸ் உண்டு, எம்.ஜி.பி.யில் சேசிஸின் வேலையையும் பாடியே செய்கிறது. கூரை இல்லாத ரோட்ஸ்டரில், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற பெட்டி வடிவத் தகட்டமைப்பு பெரும் பாரத்தைத் தாங்குகிறது. மழைநீரும், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அதற்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கின்றன. சில் இற்றுப்போனால் வண்டியின் நடுப்பகுதி தொய்ந்து, கதவு ஒழுங்காகச் சாத்த வராது. வெளித்தகட்டில் மட்டும் ஒட்டுப்போட்டுப் பெயின்ட் அடித்தால் துரு உள்ளே தன் வேலையைத் தொடரும். முறையாகச் செய்வதென்றால் முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து வெல்டிங் செய்து, பாடி வளையாமல் நிறுத்த வேண்டும். அதன் பிறகே வெளி, நடு, உள் என மூன்று தகடுகளையும் வெட்டி எடுத்துப் புதியவற்றைப் பொருத்த முடியும். இத்தனை உழைப்புக்குப் பிறகும் மற்ற இடங்களில் துரு மிச்சமிருக்கும்.

பாடி முழுவதையும் புதிதாகச் செய்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறந்தது. எம்.ஜி.பி.யைத் தயாரித்த பிரிட்டிஷ் லேலண்டுக்குள் 1975-இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் அந்தப் பொறுப்பை ஏற்றது. பழைய டைகளையும், தகடுகளை அசையாமல் பிடித்துக்கொண்டு வெல்டிங் செய்ய உதவும் ஜிக்குகளையும் தேடித் திரட்டி, 1988-இல் ஆக்ஸ்போர்ட்ஷயரின் ஃபாரிங்டனில் புத்தம் புதிய எம்.ஜி.பி. பாடி ஷெல்லை வெளியிட்டது. ஆபிங்டன் ஆலை மூடி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மிட்ஜெட், மினி ஆகிய கார்களின் ஷெல்களும் பின்னர் வந்தன. அந்த வெற்றி, எம்.ஜி. பெயரை அப்போது வைத்திருந்த ரோவர் நிறுவனத்துக்கே ஊக்கம் தந்தது. எம்.ஜி.பி.யின் ஷெல்லை அடிப்படையாகக் கொண்டு 3.9 லிட்டர் வி8 எஞ்சினுடன் 1992-இல் எம்.ஜி. ஆர்.வி.8 அறிமுகமானது. உருவான சுமார் 2,000 கார்களில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போனது. பாகம் செய்யும் முயற்சியிலிருந்து ஒரு காரே பிறந்தது என்பது அரிய செய்தி.

டை கிடைக்காத பாகங்களின் கதை வேறு. வார்ப்புப் பாகம் என்றால் பழைய பாகத்தையே மணலில் பதித்து அச்செடுக்கலாம் என்று தோன்றும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால், அப்படி வார்த்தது அளவில் சிறுத்துவிடும். சாம்பல் வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். அலுமினியம் அதைவிடச் சற்று அதிகம். அதனால் மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். கடைசல் பிடிக்கும் பரப்புகளில் கூடுதல் கனமும் விட வேண்டும். இந்தக் கணக்கை எளிதாக்கியது முப்பரிமாண ஸ்கேனர். அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலைஞர் ஜே லெனோ, தம்மிடமிருந்த 1907-ஆம் ஆண்டு வைட் நீராவிக் காரின் சிதைந்த பாகம் ஒன்றை ஸ்கேன் செய்து, பிளாஸ்டிக்கில் மாதிரி அச்சிட்டதை 2009-இல் எழுதினார்.

மாதிரியைத் தாண்டி, ஓடும் பாகத்தையே அச்சிட்டது போர்ஷே. 292 மட்டுமே தயாரான 959 காரின் கிளட்ச் விடுவிப்பு லீவரை, எஃகுத் தூளை லேசரால் உருக்கி 0.1 மில்லிமீட்டருக்கும் குறைந்த அடுக்குகளாக அடுக்கி உருவாக்கியதாக 2018-இல் அறிவித்தது. ஏறத்தாழ 3 டன் அழுத்தம் கொடுத்து, உள்ளே விரிசல் உண்டா என்று ஊடுகதிர்ப் படமும் எடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனைதான் இங்கே முக்கியம். உருவம் ஒத்திருப்பதால் மட்டும் ஒரு பாகம் அசலாகிவிடாது. ஜப்பானில் நிசான் 2017-லும் டொயோட்டா 2020-லும் தங்கள் பழைய மாடல்களுக்கு மறுபடி பாகம் செய்யத் தொடங்கின.

புது ஷெல் போட்ட கார் பழைய கார்தானா என்ற கேள்விக்கு பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை புள்ளிக் கணக்கு ஒன்றை வகுத்தது. அதன்படி பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்க 8 புள்ளிகள் தேவைப்பட்டன. அசல் பாடி ஷெல்லுக்கோ தயாரிப்பாளரிடமிருந்து நேரடியாக வாங்கிய புதியதற்கோ 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. எஞ்சினைவிடப் பாடிக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்தது சரியான முடிவு.

பழைய கார் வைத்திருப்பவர்கள், உடைந்த பாகத்துக்குப் புதியது வந்து வண்டியில் பொருந்தும்வரை பழையதைத் தூக்கிப் போடக் கூடாது. துளைகளின் இடைவெளியும் உலோகத்தின் தன்மையும் வரைபடம் இல்லாத இடத்தில் அதிலிருந்துதான் தெரியவரும்.