நிறமூர்த்த எண்களும் மறைந்த பெயரும்: ஜானகி அம்மாளின் ஆய்வுத்தடம்

சுன்னாகச் சந்தைக்கு வந்து குவியும் கத்தரி, மிளகாய், சின்ன வெங்காயம், மரவள்ளி ஆகியவை யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணில் விளைந்தவையாயினும், அவற்றின் கலக்கருவிலுள்ள நிறமூர்த்தங்களின், அதாவது பரம்பரை இயல்புகளைத் தாங்கிச் செல்லும் இழையுருவான அமைப்புகளின், எண்ணிக்கை எந்நாட்டு மண்ணிலும் ஒன்றே: கத்தரிக்கும் மிளகாய்க்கும் 24, வெங்காயத்துக்கு 16, மரவள்ளிக்கு 36. இன்று பாடநூல்களில் எவர் பெயருமின்றி இடம்பெறும் இத்தகைய எண்களைப் பயிர்த் தாவரங்களுக்கென ஒரே நூலில் தொகுத்தளித்த இருவருள் ஒருவர் இ. கே. ஜானகி அம்மாள். அந்நூல் பெற்ற செல்வாக்குக்கும் அவர் பெயர் பெற்ற செல்வாக்குக்கும் இடையே நேர்ந்த விலகலை இக்கட்டுரை ஆராய்கிறது.

1897இல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1925இல் முதுமாணிப் பட்டத்தையும் 1931இல் கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார். அவருடைய ஆய்வுக்குரிய முதல் பெருங்களம் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையமாகும். 80 நிறமூர்த்தங்கள் கொண்ட இனிப்புக் கரும்பையும், பேய்க்கரும்பு எனப்படும் காட்டினத்தையும் கலந்து அந்நிலையத்தின் ஆய்வாளர்களான பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205 என்னும் கலப்பினம் 1918இலேயே வயலுக்கு வந்துவிட்டபோதிலும், அக்கலப்பின்போது கலத்தினுள் நிகழ்வது என்ன என்பது பெரிதும் விளங்காமலே இருந்தது. பேய்க்கரும்பு ஒரே இனமாயினும் அதன் வகைகளில் நிறமூர்த்த எண் 40 முதல் 128 வரை வேறுபடும். இரண்டுக்கு மேற்பட்ட நிறமூர்த்தத் தொகுதிகள் ஒரு கலத்தில் அமையும் இந்நிலையே பன்மடியம் எனப்படும். 1934இல் அங்கு பணியேற்ற ஜானகி அம்மாள் இச்சிக்கலை எடுத்துக்கொண்டதோடு, கரும்பைச் சோளன் முதலிய பிற புற்களுடனும் கலந்து ஆராய்ந்தார். கரும்பு–சோளன் கலப்பு பற்றிய அவரது குறிப்பு 1938இல் ‘நேச்சர்’ இதழிலும், இச்சாதியிடைக் கலப்பினங்கள் பற்றிய விரிவான கட்டுரை 1941இல் ‘ஜர்னல் ஒஃப் ஜெனெற்றிக்ஸ்’ இதழிலும் வெளிவந்தன.

1939இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குச் சென்றவருக்குப் போர் மூண்டதால் பிரித்தானியாவிலேயே தங்க நேர்ந்தது. அதன் பயனாகவே ஜோன் இன்னஸ் நிறுவனத்தில் சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து 1945இல் ‘பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்த விளக்கத்தொகுதி’ என்ற நூலை வெளியிட்டார். அதிலுள்ள ஓர் எண்ணுக்குப் பின்னாலுள்ள உழைப்பு எளிதன்று. கலங்கள் ஓயாது பிரியும் வேர்நுனியை வெட்டியெடுத்து, அற்ககோலும் அசற்றிக் அமிலமும் போன்றவை கலந்த கரைசலில் பதப்படுத்திச் சாயமேற்றி, பிரிவின் நடுப்பகுதியில் நிறமூர்த்தங்கள் தடித்து ஒரே தளத்தில் பரந்திருக்கும் கலத்தை நுணுக்குக்காட்டியில் தேடிக் கண்டு, ஒன்றன்மேல் ஒன்று படிந்தவற்றைப் பிரித்தறிந்து எண்ண வேண்டும். கரும்பைப் போன்ற பன்மடியத் தாவரத்தில் ஒன்றிரண்டு பிழைப்பது மிக எளிது.

அந்நூல் விரிவாக்கப்பட்டு 1955இல் ‘பூக்கும் தாவரங்களின் நிறமூர்த்த விளக்கத்தொகுதி’ என வெளிவந்தபோது தலைப்புப் பக்கத்தில் டார்லிங்டனுடன் இடம்பெற்றவர் ஏ. பி. வைலி, ஜானகி அம்மாள் அல்லர். பின்வந்தோர் புதிய பதிப்பையே மேற்கோள் காட்டியமை இயல்பே. மேலும் 1964இல் யூஜின் கார்ஃபீல்ட் வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் சுட்டி, சுட்டப்படும் நூலை அதன் முதலாசிரியர் பெயரின் கீழ் மட்டுமே பதிவுசெய்தது. ஆகவே 1945ஆம் ஆண்டு நூலை ஒருவர் மேற்கோள் காட்டினாலும் அது டார்லிங்டன் கணக்கிலேயே சேர்ந்தது. இதில் எவருடைய தீய நோக்கையும் தேட வேண்டியதில்லை. அளவுகோலே அவ்வாறு அமைந்திருந்தது. ஆயினும் அவ்வளவுகோலைக் கொண்டு ஓர் ஆய்வாளரின் தகுதியை நிறுப்போர் இதனை மறக்கலாகாது.

அதே 1955இல் ஜானகி அம்மாள் பிரின்ஸ்டனில், புவியின் தோற்றத்தை மாற்றியதில் மனிதனின் பங்கு பற்றிய கருத்தரங்கில் இந்தியாவின் வாழ்வாதாரப் பொருளாதாரம் குறித்துக் கட்டுரை வழங்கினார். நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டபின், அவரது நாட்டம் கலத்திலிருந்து தாவரத்துக்கும் அதனைப் பேணும் மக்களுக்கும் விரிந்திருந்தது. 1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் இணைந்து, 1984இல் மறையும்வரை மதுரவாயலில் பணியாற்றினார். நாடு திரும்புமுன் 1946 முதல் 1951 வரை விஸ்லியிலுள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில், கொல்சிசின் என்னும் நச்சுப்பொருளால் மக்னோலியாவின் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கி அவர் செய்த ஆய்வும், ரொடோடென்ட்ரன் இனங்களின் நிறமூர்த்த எண்கள் பற்றி 1950இல் வெளிவந்த கட்டுரையும் தோட்டக்கலை ஆர்வலருக்கான வெளியீடுகளிலேயே பெரிதும் தங்கிவிட்டமையால், அவற்றை மேற்கோள் சுட்டிகளில் தேடுவதைவிட அக்கழகத்தின் பழைய ஆண்டுமலர்களைப் புரட்டுவதே பயனளிக்கும்.