வழுவும் வழுவமைதியும்: குறியிடு மொழிகளின் இலக்கணம்

1956இல் நோம் சாம்ஸ்கி மனித மொழியின் தொடரமைப்பை விளக்க முற்பட்டு, இலக்கணங்களை வகைப்படுத்தினார். அவற்றுள் சூழல்சாரா இலக்கணம் மனிதப் பேச்சைவிடக் கணினிக்கே நன்கு பொருந்தியது. 1960இல் வெளிவந்த அல்கால் 60 அறிக்கை ஒரு நிரல்மொழியின் தொடரியலை அத்தகைய விதிகளால் எழுதிக் காட்டிற்று.

ஆவணங்களுக்கும் அவ்விதிகள் வந்தன. 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி ஆகிய மூவர் தொடங்கிய ஜி.எம்.எல். முயற்சி, 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்னும் பன்னாட்டுத் தரமாக முதிர்ந்தது. எழுத்து தடிப்பா, சாய்வா என்பது அதன் கவலையன்று; இது தலைப்பு, இது பத்தி என உறுப்புகளைப் பெயரிடுவதே அதன் பணி. ‘நூலாவது, ஒரு தலைப்பும் ஒன்றோ பலவோ ஆகிய இயல்களும்’ என்று அதன் ஆவணவகை வரையறை விதிக்குமாயின், அது சூழல்சாரா இலக்கணத்தின் சூத்திரமே.

1998இல் வந்த எக்ஸ்.எம்.எல். இன்னும் கண்டிப்பானது. ஒரு குறிச்சொல் மூடப்படாவிடினும் படிக்கும் நிரல் பிழையென்று நின்றுவிட வேண்டும். வலையோ அவ்வாறு வளரவில்லை. மக்கள் பிழைபட எழுதினர். உலாவிகள் பொறுத்துக்கொண்டு, தத்தம் போக்கில் பொருள் ஊகித்தன. கண்டிப்பின் வழிவந்த எக்ஸ்.ஹெச்.டி.எம்.எல். 2 முயற்சி 2009இல் கைவிடப்பட்டது. 2014இல் பரிந்துரையான ஹெச்.டி.எம்.எல். 5, பிழையான ஆவணத்தையும் எல்லா உலாவிகளும் ஒன்றுபோலப் படிக்கும் முறையைப் படிப்படியாக வரையறுத்தது.

நம் இலக்கணிகள் இந்நிலையை அறிந்தவர்களே. வழுவை விலக்கியதோடு வழுவமைதியும் வகுத்தார்கள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வழுவமைதி வழுவை ஏற்றுக்கொள்கிறது. ஹெச்.டி.எம்.எல். 5 அதனைப் பிழையென்றே குறித்து, எழுதியவன் பொருளை மட்டும் கைவிடாது காக்கிறது.