ஒலிச்சித்திரம் முதல் பாட்காஸ்ட் வரை: கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் உலக சினிமாப் பேச்சின் வழித்தடம்

நண்பர்கள் இரண்டு மூன்று பேர் கூடி அயல்நாட்டுப் படங்களை அலசும் தமிழ் பாட்காஸ்ட்டுகளைத் திரைப்படச் சங்கங்களின் வாரிசாகக் காண்பது வழக்கம். சென்னைக்கு இந்த வம்சாவளி பொருந்தும். கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் பொருந்தாது. இவ்வட்டாரத்தில் பாட்காஸ்ட்டின் மூதாதை வானொலிதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சங்கங்களின் கதை தெரிந்ததே. 1947-இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் கல்கத்தாவில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். 1952-இல் முதல் சர்வதேசத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்தது. 1957-இல் அம்மு சுவாமிநாதன் மெட்ராஸ் பிலிம் சொசைட்டியை நிறுவினார். 1959-இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானது. தூதரகங்களும் 1964-இல் ஏற்பட்ட புனே திரைப்பட ஆவணக் காப்பகமும் பிரதிகளைக் கொடுத்தன. ரீல் பெட்டிகளைக் கொண்டுவர ரயிலும், திரையிட அரங்கமும், செலவுக்குச் சந்தா கட்டும் உறுப்பினர்களும் வேண்டும். கள்ளக்குறிச்சிக்காரர் ரயிலேற நெடுங்காலம் சின்னசேலத்துக்குத்தான் போனார். அங்கே சங்கம் வேர்பிடிக்காததில் வியப்பில்லை.

மலையின் நிலை இன்னும் விசித்திரம். அதன் மேற்குச் சரிவு சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. அதே சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1937-இல் ‘சதி அகல்யா’வில் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. படம் பிறந்த இடம் பக்கம். திரை மட்டும் தூரம். மலையைத் தம் பிடியில் வைத்திருந்த ஜாகீர்தார்கள் விலகி, அது அரசின் நேரடி ஆளுகைக்கு வந்ததே 1976-இல்தான். சாலையும் மின்சாரமும் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறின.

பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டருக்கு இந்தத் தடைகள் இல்லை. 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையமும் பின்னர் புதுச்சேரி நிலையமும் சமவெளியைத் தொட்டன; இலங்கை வானொலியும் எட்டியது. இங்கே கவனிக்க வேண்டிய வடிவம் ஒலிச்சித்திரம். முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கித் தருவார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்கும். சாத்தியது யார் என்பதைக் கேட்பவர்தான் ஊகிக்க வேண்டும். அடுத்து வந்தன கதை வசன கேசட்டுகள். 1984-இல் வெளியான ‘விதி’யின் நீதிமன்ற வாதங்களை டீக்கடைகளில் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் தமிழகமெங்கும் உண்டு. பார்க்காத படத்தைப் பற்றி அடித்துப் பேசும் பழக்கம் இப்படித்தான் ஊறியது. நகரத்து விமர்சகர்கள் இதை இளக்காரமாகக் கருதியது அவர்கள் நஷ்டம்.

கேசட்டுக்கும் பாட்காஸ்ட்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அச்சு கொஞ்சம் ஈடுகட்டியது: ‘நிழல்’ இதழ், ஆனந்த விகடனில் செழியன் எழுதிய உலக சினிமாத் தொடர். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (தமுஎகச) நடத்திய உலகத் திரைப்பட விழாக்களும் பெருநகரங்களைத் தாண்டிச் சென்றன.

உண்மையான திருப்பம் 2016. செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதே மாதம் வெனிஸில் பிலிப்பைன்ஸ் இயக்குநர் லாவ் டியாஸின் ‘தி உமன் ஹூ லெஃப்ட்’ தங்கச் சிங்கம் வென்றது. இவை தற்செயலாக ஒன்றாக நிகழ்ந்தவை. ஆனாலும், பின்னால் வந்த பாட்காஸ்ட் பேச்சுக்கு இந்தப் படத்தைவிட நல்ல சோதனை கிடைக்காது. மற்ற பிலிப்பைன்ஸ் படங்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். இயக்குநர் லினோ ப்ரோக்காவின் 1975 மணிலா படத்தைக் கதையாகச் சொல்லிவிடலாம்: காதலியைத் தேடி நகரத்துக்கு வந்து, கட்டட வேலையில் சிக்கும் கிராமத்து இளைஞன். வேலை தேடி மலையிறங்கும் ஊருக்கு அது புரியாத கதையல்ல. கிட்லட் தாஹிமிக்கின் 1977 படமான ‘பெர்ஃபியூம்ட் நைட்மேர்’ இன்னும் நெருக்கம். அதன் நாயகனான ஜீப்னி ஓட்டுநர் அமெரிக்காவைக் கண்டதே வானொலி வழியாகத்தான்.

டியாஸிடம் கதையாகச் சொல்லும் இந்த உத்தி பலிக்காது. படம் ஏறத்தாழ நான்கு மணி நேரம், கறுப்பு வெள்ளை. இரவுத் தெருவில், செய்யாத குற்றத்துக்கு முப்பது ஆண்டு சிறையிருந்த பெண்ணும் வாத்து முட்டை விற்பவனும் பேசுகிறார்கள்; கேமரா நகராமல் தள்ளியே நிற்கிறது. வசனத்தை மட்டும் எடுத்துச் சொன்னால் பாதிப் படம் காணாமல் போகும். எவ்வளவு நேரம் கேமரா அப்படியே இருந்தது, இருட்டு சட்டகத்தில் எவ்வளவு இடம் பிடித்தது என்று வர்ணித்தாக வேண்டும். ஒலிச்சித்திரம் கற்றுத்தராத பாடம் இது. திரையிடல் முடிந்ததும் நாற்காலிகளை விட்டு எழாமல் சங்கத்தார் விவாதித்தது இதைத்தான். நல்ல பாட்காஸ்ட்டுகளில் இப்போது காதில் விழுவதும் இதுதான்.