எண்களில் அடங்கிய உரிமை: செருமானிய உள்ளாட்சிகளில் மக்கள் வாக்கெடுப்பு விதிகள்

முன்னுரை

செருமனியின் தென்மேற்கு மாநிலமாகிய பாடன்-வூர்ட்டம்பர்க்கில் 1956ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உள்ளாட்சிச் சட்டம், மன்றத்தின் முடிவை எதிர்த்தோ புதிய முடிவொன்றைக் கோரியோ வாக்கெடுப்பு நடத்தும் உரிமையை ஊர்மக்களுக்கு வழங்கியது. அதன்பின் 1990 வரை வேறெந்த மேற்குச் செருமானிய மாநிலமும் இவ்வுரிமையை வழங்கவில்லை. எனவே இம்மாநிலத்தை முன்னோடி எனக் கூறுவது வழக்கம். இம்முதன்மையை மட்டும் கொண்டு மதிப்பிடுவது போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. உரிமை எப்போது வழங்கப்பட்டது என்பதைவிட, அதனுடன் எந்த எண்கள் இணைக்கப்பட்டன என்பதே அதன் வரலாற்றைத் தீர்மானித்தது.

இருபடி முறையும் வரம்பும்

இவ்வுரிமை இரண்டு படிகளைக் கொண்டது. முதற்படியில், வாக்குரிமை உடையோரில் குறிப்பிட்ட விழுக்காட்டினர் கையொப்பமிட்டுக் கோரிக்கை விடுக்க வேண்டும். மன்றம் அதனை ஏற்காவிடில் வாக்கெடுப்பு நடைபெறும். அங்கும் பெரும்பான்மை பெற்றால் மட்டும் போதாது. 1956ஆம் ஆண்டு விதிப்படி வாக்குரிமை உடையோரில் பாதிப்பேர் வாக்களித்திருக்கவும் வேண்டும். இதனால், கோரிக்கையை எதிர்ப்போர் எதிர்வாக்கு அளிப்பதைவிட வீட்டில் இருந்துவிடுவது அவர்களுக்குக் கூடுதல் பயன் தந்தது. வாக்களிக்க வராதவரின் மௌனம் எதிர்ப்பாகவே எண்ணப்பட்டது.

இக்குறையை நீக்கும்பொருட்டு 1975இல் பங்கேற்பு வரம்புக்கு மாற்றாக ஒப்புதல் வரம்பு கொண்டுவரப்பட்டது. அதன்படி வாக்குரிமை உடையோரில் 30 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்திருக்க வேண்டும். நோக்கம் சரியானதே; ஆயினும் எண் கடுமையானது. 40,000 வாக்காளர்களைக் கொண்ட நகரொன்றில் 36 விழுக்காட்டினர், அதாவது 14,400 பேர், வாக்களிப்பதாகக் கொள்வோம். 12,000 ஆதரவு வாக்குகளைப் பெற, பதிவானவற்றில் 83 விழுக்காட்டுக்கு மேல் தேவைப்படும். உள்ளூர்ப் பிணக்குகளில் இத்தகைய ஒருமனப்பாடு அரிது. அன்றியும், எப்பொருள் குறித்து வாக்கெடுப்புக் கோரலாம் என்பதையும் சட்டம் பட்டியலிட்டுச் சுருக்கியிருந்தது. அப்பட்டியல் நீங்குவதற்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பவேரியாவின் திருப்பம்

1990இல் கிழக்குச் செருமனியின் புதிய உள்ளாட்சிச் சட்டமும் சிலெசுவிக்-ஓல்சுடைன் மாநிலமும் இவ்வுரிமையை ஏற்ற பின்னர் ஏனைய மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. ஆனால் அவற்றுள் பவேரியா சென்ற வழி தனித்தது. அங்கு 1962 முதல் தனிப்பெரும்பான்மையுடன் ஆண்டுவந்த கிறித்தவ சமூக ஒன்றியம் இவ்வுரிமையை வழங்க முன்வரவில்லை. 'கூடுதல் மக்களாட்சி' என்னும் அமைப்பு, மாநில அளவிலான மக்கள் கோரிக்கைக்கு வேண்டிய 10 விழுக்காட்டைத் தாண்டி ஆதரவு திரட்டியது. சட்டமன்றம் தன் மாற்று வரைவையும் உடன்முன்வைத்தது. 1995 அக்டோபர் 1 அன்று நடந்த வாக்கெடுப்பில் 57.8 விழுக்காட்டினர் அமைப்பின் வரைவையே தேர்ந்தனர். உள்ளாட்சியில் வாக்களிக்கும் உரிமையை மக்கள் வாக்களித்தே பெற்றுக்கொண்டனர் என்பது கருதத்தக்கது.

இச்சட்டத்தில் ஒப்புதல் வரம்பு அறவே இல்லை. அளிக்கப்பட்ட வாக்குகளின் பெரும்பான்மையே போதும். முடிவு மூன்றாண்டுகளுக்கு மன்றத்தைக் கட்டுப்படுத்தும். 1997 ஆகத்து 29 அன்று பவேரிய அரசமைப்பு நீதிமன்றம் இவ்விரண்டும் சேர்ந்திருப்பதை ஏற்க மறுத்தது. மிகச் சிலரின் வாக்கு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தை நெடுங்காலம் முடக்குவது உள்ளாட்சித் தன்னாட்சியின் மையத்தையே தொடும் என அது கருதியது. இத்தீர்ப்பை மக்களாட்சிக்கு எதிரானதென எளிதாகத் தள்ளிவிட இயலாது. மன்ற உறுப்பினரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரே. எனினும் நீதிமன்றம் தன் கவலைக்கு மூன்றாண்டுக் கட்டுப்பாட்டைக் குறைப்பதே போதுமா என்பதை முதன்மையாக ஆராய்ந்திருக்கலாம்.

1999இல் சட்டமன்றம் இரண்டையும் மாற்றியது. கட்டுப்பாட்டுக் காலம் ஓராண்டாயிற்று. ஒப்புதல் வரம்பு, 50,000 வரை மக்கள்தொகையுள்ள ஊர்களுக்கு 20 விழுக்காடு, ஒரு இலட்சம் வரை 15, அதற்கு மேல் 10 என ஊரின் அளவுக்கேற்ப வகுக்கப்பட்டது. பெருநகரில் பங்கேற்பு குறைவாக இருக்கும் இயல்பைச் சட்டம் ஏற்றுக்கொண்டது இங்குதான்.

இவ்வேறுபாட்டின் பொருளை மியூனிக் நகரம் காட்டுகிறது. முன்னாள் மேயர் கியோர்க் குரோனவிட்டர் முன்னின்று நடத்திய கோரிக்கையின்படி, 2004 நவம்பர் 21 அன்று கட்டட உயரத்தை 100 மீட்டருக்குள், அதாவது பிரௌவன்கிர்கெ தேவாலயக் கோபுரங்களின் அளவுக்குள், நிறுத்துவது குறித்து வாக்கெடுப்பு நடந்தது. 50.8 விழுக்காட்டினர் ஆதரித்தனர். வாக்களித்தவரோ ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் மட்டுமே. மொத்த வாக்காளரில் ஆதரவு 11 விழுக்காட்டைச் சிறிதே தாண்டியது. வரம்பு 10ஆக இருந்ததால் கோரிக்கை வென்றது. 15ஆக இருந்திருப்பின் அதே வாக்குகள், அதே பெரும்பான்மை, தோல்வியாகப் பதிவாகியிருக்கும்.

முன்னோடியின் பின்தொடர்தல்

முன்னோடி மாநிலமாகிய பாடன்-வூர்ட்டம்பர்க் பின்னர் தன் எண்களைப் படிப்படியாகத் தளர்த்தியது. 2005இல் ஒப்புதல் வரம்பு 25 விழுக்காடாயிற்று; 2015இல் 20. அவ்வாண்டிலேயே கையொப்பத் தேவையும் 10இலிருந்து 7 விழுக்காடாகக் குறைந்தது. 1956இல் முதலில் அடியெடுத்து வைத்த மாநிலம், பவேரியா தன் சிற்றூர்களுக்கு 1999இலேயே வகுத்த 20 விழுக்காட்டை எட்ட மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. பவேரியப் பெருநகரங்களின் 10 விழுக்காட்டை அது அப்போதும் எட்டவில்லை.