அவுரி, தார்ச்சாயம், தோல்

மருத்துவ வரலாறு என்றாலே ஒரு மேதை, ஒரு ஆய்வுக்கூடம், ஒரு வருஷம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். தோல் புற்றுக்கு ஒளியால் வைத்தியம் பார்ப்பதற்கும் அப்படியொரு கதையாடல் உண்டு. மியூனிக்கில் தாப்பைனரிடம் படித்த ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயத்தில் கிடந்த நுண்ணுயிர்கள் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் செத்துப்போவதைக் கண்டு 1900இல் எழுதினார். 1903இல் தாப்பைனரும் யெசியோனெக்கும் தோல் கட்டிகளில் இயோசின் சாயத்தைத் தடவி வெளிச்சம் காட்டினார்கள்.

சரி, சாயம் எங்கிருந்து வந்தது? முதுநகரில் இருந்துகொண்டு இதைக் கேட்காமலிருக்க முடியாது.

நிலக்கரித் தாரிலிருந்து வந்தது. 1870களில் இயோசினை உண்டாக்கிய ஹைன்ரிஹ் காரோ ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனிக்காரர். அதே கம்பெனிதான் 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தையில் இறக்கியது. தென்னார்க்காட்டு அவுரிக்குக் கேடு அங்கே தொடங்கிற்று. (அவுரிக் காலம் பொற்காலம் என்று யாரும் நினைக்க வேண்டாம், தொட்டியில் இறங்கிக் கலக்கியவன் வேறு, லாபம் பார்த்தவன் வேறு.) தார் இன்னொன்றும் செய்தது. 1915இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் அதைத் திரும்பத்திரும்பப் பூசிப் புற்றையே வரவழைத்துக் காட்டினார்கள். நோயும் மருந்தும் ஒரே பீப்பாய்க்குள். இன்று முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் ரோட்டில், சிப்காட் ரசாயன ஆலைகள் நிற்கின்றன.

இப்போது தடவுவது சாயமல்ல. அமினோலெவுலினிக் அமிலக் களிம்பு. செல் அதை வாங்கி உள்ளுக்குள் போர்ஃபிரினாக மாற்றிக்கொள்கிறது. சிவப்பு ஒளி பட்டதும் அங்கிருக்கிற ஆக்ஸிஜனே அந்தச் செல்லைக் கொல்கிறது. ஆனால் ஒளி சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. பெரிய கட்டியை முழுசாக வெட்டினால் மூக்கோ இமையோ போய்விடும். ஆகவே, மேலே திரண்டதை மட்டும் சுரண்டியெடுத்துவிட்டு மிச்சத்தை ஒளிக்கு விடலாம் என்கிறார்கள். முகத்தைக் காப்பாற்றுகிற நல்ல யோசனைதான்.

யாருடைய முகம்? இந்த முறை பெரும்பாலும் வெள்ளைத் தோலில், வெயிலால் வருகிற மேலோட்டமான புற்றை வைத்தே வளர்ந்தது. நம் தோலின் கறுப்பு நிறமி ஒளியில் ஒரு பங்கைத் தானே குடித்துவிடும். இங்கே வருகிற புற்றும் வேறு மாதிரி: பழைய தீக்காயத் தழும்பில், ஆறாத புண்ணில், இடுப்புத் தடத்தில். வேட்டி இறுக்கிய இடத்தில் வருவதைப் பற்றி 1945இல் பம்பாயிலிருந்து கானோல்கரும் சூர்யாபாயும் எழுதினார்கள். பாவாடை நாடா இறுக்கிய தடத்திலும் அதே செதிள் புற்று வருகிறது. ஆழமாக இறங்குகிற அந்தப் புற்றுக்கு இன்றைக்கும் கத்திதான்.