வாசற்கதவு பாழாகாமல் தீபாவளித் தோரணம்

தீபாவளி முடிந்து தோரணத்தை அவிழ்க்கும்போதுதான் சேதம் கண்ணில் படும். டபுள் டேப்பை இழுத்தால் சாயமும் சேர்ந்து உரியும். ஆணியைப் பிடுங்கினால் நிலையில் ஓட்டை நிற்கும். சொந்த வீடென்றால் பூசி மறைத்துவிடலாம். வாடகை வீட்டில் அது முன்பணத்தில் கழியக்கூடும். மலேசியாவில் பெரும்பாலும் இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கட்டிய பிறகே சாவி கைக்கு வருகிறது.

தாமான் வீடுகளில் மரக்கதவுக்கு முன்னால் இரும்பு கிரில் இருக்கும். பாரத்தைத் தாங்க அதுவே போதும். கதவைத் தொடவே வேண்டியதில்லை. மாவிலைத் தோரணத்தை ராப்பியா கயிற்றிலோ சணல் கயிற்றிலோ கோத்து, கிரிலின் மேல் கம்பியில் கட்டலாம். மடக்கு கிரிலாக இருந்தால், அசையாத மேல்பகுதியில்தான் கட்ட வேண்டும். வெறும் இரும்புக் கம்பியால் முறுக்கிக் கட்டுவதைத் தவிர்க்கவும். அது சாயத்தைக் கீறும். கீறிய இடத்தில் மழைச்சாரல் பட்டால் துருப்பிடிக்கும். தீபாவளி வருவதோ அடைமழைக் காலத்தில்.

காந்தக் கொக்கி வாங்குமுன், குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துக் கிரிலில் வைத்துப் பார்ப்பது நல்லது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. எவர்சில்வர் கிரில் பலவற்றிலும் ஒட்டாது.

கிரில் இல்லாத வீட்டுக்கு, குளியலறைத் திரைச்சீலைக்குப் போடும் சுருள்வில் கம்பி கைகொடுக்கும். அதை நிலையின் இரு பக்கத்துக்கும் நடுவே, கதவு திறந்து மூட இடம்விட்டு, இறுக்கி நிறுத்தினால் போதும். இரு முனையிலும் ரப்பர் இருப்பதால் தழும்பு விழாது. பூச்சரமும் மாவிலையும் தாங்கும். கனமான அலங்காரத்துக்கு ஆகாது.

ஒட்டும் கொக்கிகள் விழுவதற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். ஒட்டும் இடத்தை மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹால் பஞ்சால் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு கொக்கியை ஒட்டி அரை நிமிடம் அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்தே எதையும் மாட்ட வேண்டும். மாலை வெயில் நேரடியாக விழும் கதவில் பசை இளகிவிடும். அங்கே இது வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது சாயத்தில். பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கதவுக்குச் சாயம் பூசி, மறுநாளே கொக்கி ஒட்டினால் கழற்றும்போது புதுச்சாயம் அப்படியே உரிந்து வரும். குறைந்தது ஒரு வாரம் இடைவெளி தேவை. அதற்கு நேரமில்லையென்றால் அந்த ஆண்டு சாயத்தையோ கொக்கியையோ விட்டுவிடலாம்.

பழைய தோட்ட லயத்து வீடுகளில் நிலைமேல் ஏற்கெனவே ஆணி இருந்தால், வருடந்தோறும் அதையே பயன்படுத்தலாம். பக்கத்தில் இன்னொன்று அடித்தால் பலகை பிளக்கும். மழைநீர் இறங்கினால் மரம் உளுத்துப்போகும்.

விளக்குச்சரத்தின் வயர் கதவிடுக்கில் நசுங்கக்கூடாது. மின்சார விளக்கு வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவும். அகல்விளக்கைத் தோரணத்துக்கு நேர்கீழே வைக்கக்கூடாது. இரண்டு மூன்று நாளில் மாவிலை காய்ந்து சருகாகும். ஒரு பொறி போதும். சிங்கப்பூர் வீவக வீடுகளில் பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால், வாசலில் கோலமும் குத்துவிளக்கும் வைப்பவர்கள் அளந்து வைப்பது நல்லது.

கழற்றும்போது கொக்கியை முன்பக்கமாகப் பிடுங்காமல், பசைப்பட்டையின் வாலைப் பிடித்துக் கதவோடு ஒட்டியபடி மெதுவாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். வால் இல்லாத டபுள் டேப்புக்கு, தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டைச் சிறிது நேரம் காட்டினால் இளகும். மிச்சப் பிசுக்கில் சமையல் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடைக்கலாம். கத்தியால் சுரண்ட வேண்டாம்.